உள்ளங்கையில் கீறல் இல்லை

எலும்பு முறிவுப் பிரிவின் தலைமை டாக்டருக்கு வார்டில் வைத்திருந்த பெயர் பட்டாசு. முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. ஆனால் மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதுமே "பட்டாசு வருது, பட்டாசு வருது" என்று கட்டிலுக்குக் கட்டில் செய்தி பறக்கும். தூக்கிக் கட்டின காலை இறக்கி வைத்துக்கொண்டு கதை பேசுகிறவர்கள் எல்லாம் நல்ல பிள்ளைகளாகப் படுத்துக்கொள்வார்கள். அவளுக்கும் இது தெரியும். உள்ளுக்குள் அந்தப் பெயர் பிடித்தும் இருந்தது.

அன்று காலை அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததுமே வெடித்தாள்.

"மறுபடியும் இடது காலா? என்னதான் நடக்குது இந்த ஊர்ல? வலது கால எல்லாரும் வீட்டுல கழட்டி வச்சுட்டு வர்றாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. எக்ஸ்ரேயைப் பிடித்திருந்த நர்ஸ் அதை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள், அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு இரண்டாக முறிந்து, ஒரு துண்டு மற்றொன்றின் மேல் ஏறி நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் ரோட்டை அகலப்படுத்திய நாளிலிருந்து இதே கால், இதே இடம், இதே முறிவு. வருகிறவர்கள் மட்டும்தான் வேறு வேறு ஆட்கள்.

எலும்பு பேசும் என்பாள் பட்டாசு. பைக்கில் போய்ச் சறுக்கினவனுக்குத் தோள்பட்டை எலும்பு போகும். பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து போகிற பெண்களுக்கு இடுப்பு. காரில் முன்சீட்டில் பெல்ட் போடாத மகராசனுக்கு முழங்கால் சில்லும் நெஞ்செலும்பும். ஆளைப் பார்க்காமல் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து, எந்த வண்டியில் எந்தப் பக்கம் உட்கார்ந்து வந்தான் என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு இந்த இடது கால்கள் பிடிபடவில்லை என்பதுதான் எரிச்சல். நடந்து போகும்போது அடிபட்டவர்கள், அது சரி. ஆனால் ஏன் எல்லாரும் இடது காலில் வாங்குகிறார்கள்? அதைவிட, இவர்களுக்கு முழங்கை நொறுங்கியிருந்தது, தாடை கிழிந்திருந்தது, தோள் உரிந்திருந்தது. உள்ளங்கை மட்டும் குளித்துவிட்டு வந்த மாதிரி சுத்தமாக இருந்தது. விழப்போகிற மனுஷன் கையை ஊன்றுவான். அது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. பிறந்த குழந்தைகூட விழும்போது கையை விரிக்கும். இவர்கள் ஏன் விரிக்கவில்லை?

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் ஒல்லியான ஆள், தையல்காரர். கழுத்தில் இன்னும் அளவு டேப் தொங்கியது. பட்டாசு அவருடைய இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். உள்ளங்கையில் ஒரு கீறல் இல்லை.

"விழும்போது கையில என்ன வச்சிருந்தீங்க?"

"மருந்து டாக்டர். ஊசி மருந்து, கண்ணாடி பாட்டில்." வலியில் முகம் கோணியபோதும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. "ஒண்ணுகூட உடையல. நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன்."

"யாருக்கு மருந்து?"

"என் வீட்டுக்காரிக்குத்தான். உங்க பெண்கள் வார்டுல இருக்கா, தொடை எலும்புல சீழ் வச்சிருக்குன்னு சேர்த்திருக்கோம். சிஸ்டர் சீட்டு குடுத்து, எதிர்க்கடையில ஓடிப் போய் வாங்கிட்டு வாங்கன்னாங்க. ஓடினேன்."

பட்டாசு அவர் கையை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஏறினாள். இடது கால் கட்டில்கள் ஒவ்வொன்றின் அருகிலும் போய் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். முதல் ஆள் மாமியாருக்கு ரத்தம் ஏற்றும் குழாய் வாங்கப் போனவன். அடுத்தவர் அண்ணனுக்கு மாவுக்கட்டுத் துணி. அதற்கடுத்த அம்மா மருமகளுக்குக் குளுக்கோஸ். எல்லாரும் இந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்த யாரோ ஒருவருக்குத் துணையாக வந்தவர்கள். எல்லாரும் சீட்டோடு ஓடி, பையோடு திரும்பி வரும்போது அடிபட்டவர்கள். போகும்போது இரண்டு பக்கமும் பார்த்துத்தான் போயிருக்கிறார்கள். திரும்பும்போது நடுத்திட்டு வரைக்கும் வந்து, வாசல் கண்ணுக்குத் தெரிந்ததும், கண்ணை வாசலிலேயே வைத்து ஓடியிருக்கிறார்கள். அந்தப் பாதி ரோட்டில் வண்டி இடது கைப்பக்கமிருந்து வரும். பம்பர் இடது காலில் முழங்காலுக்குக் கீழே அடிக்கும். கையில் அம்மாவுடையதோ அண்ணனுடையதோ உயிர் இருக்கிறது, அதை எப்படிக் கீழே போடுவது? முழங்கையாலும் தாடையாலும் விழுந்திருக்கிறார்கள்.

பட்டாசு வார்டின் நடுவில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாமளே அனுப்பி, நாமளே அடிபட வச்சு, நாமளே கட்டுப் போட்டுட்டு இருக்கோம்! வெளிய யாராவது கேட்டா வாயால சிரிக்க மாட்டாங்க!"

வார்டுப் பொறுப்பில் இருந்த பெரிய சிஸ்டருக்குச் சுருக்கென்றது. பட்டாசுக்குப் பயப்படாத ஒரே ஆள் அவள்தான்.

"மேடம், ஸ்டோர்ல இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்? என் முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேனா? நீங்க எழுதுறீங்க, நான் வாங்கிட்டு வரச் சொல்றேன். நேரத்துக்கு ஊசி போடலன்னா அதுக்கும் என்னைத்தான் குதறுவீங்க."

"அதுக்கு ஓடிப் போய் ஓடிப் போய்னு ஏன் சொல்றீங்க? நடந்து போங்கன்னு சொல்ல வாய் வலிக்குதா?"

"நடந்து போங்கன்னா டீ குடிச்சுட்டு வருவாங்க."

பட்டாசின் கோபம் இரண்டு பங்கானது.

இந்த நேரத்தில்தான் தையல்காரரின் மகள் மூச்சிரைக்க வார்டுக்குள் வந்தாள். இருபதைத் தாண்டின பெண், செல்போன் பழுது பார்க்கிற கடையில் வேலை. அம்மாவைச் சேர்த்த நாளிலிருந்து பாதி நாள் கடை, பாதி நாள் ஆஸ்பத்திரி. ஓடிப்போய் எதையும் கண் மூடித் திறப்பதற்குள் கொண்டுவந்துவிடுவாள் என்று நர்ஸ்கள் அவளுக்குப் புயல் என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் அவள்தான் ஓடுவாள். அப்பாவிடமிருந்து வாங்கிவந்த மருந்துப் பாட்டில்களைப் பெரிய சிஸ்டரிடம் நீட்டி, "அம்மாவுக்கு ஊசி நேரமாச்சுல்ல?" என்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அதைத் துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

"இனிமே மருந்துக்கு யாரு போவா?" என்று பட்டாசு கேட்டாள்.

"வேற யாரு டாக்டர்? நான்தான்."

அப்பன் கீழே, அம்மா மேலே, நடுவில் அந்த ரோட்டில் இந்தப் பெண். ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஊசி. அடுத்த இடது கால் யாருடையது என்று சொல்ல எக்ஸ்ரே தேவையில்லை. இவளை மட்டுமாவது அந்த ரோட்டில் இறங்கவிடக்கூடாது என்று அந்த இடத்திலேயே மனசுக்குள் முடிவு செய்தாள்.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக் கூட்டம் வந்தது. பட்டாசு சுவரில் படம் போட்டுக் காட்டினாள். இடது கால், முழங்கை, தாடை, சுத்தமான உள்ளங்கை. கடைசியில் ரோட்டின் படம். கடை ஒரு பக்கம், வாசல் ஒரு பக்கம், நடுவில் ஓடும் ஆள். எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள்.

"பிரமாதம்!" என்றார் ஆஸ்பத்திரித் தலைவர். "ரொம்ப ஒரிஜினலான விஷயம். பத்திரிகைக்கு அனுப்புங்க. ஆனா எண்ணிக்கை கொஞ்சம் கம்மியா இருக்கு. இன்னும் கொஞ்சம் கேஸ் சேரட்டும், அப்புறம் அனுப்பினா கனமா இருக்கும்."

பட்டாசு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கேஸ் சேரட்டும்னா, சார்?"

"ஆராய்ச்சிக்குச் சொல்றேன்மா."

"எனக்குப் பத்திரிகை வேண்டாம் சார். மருந்து உள்ள இருக்கணும். இல்லன்னா அந்தக் கடைய வாசலுக்கு இந்தப் பக்கம் கொண்டு வாங்க."

ஸ்டோர் அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். மருந்து வருடத்துக்கு ஒரு முறை மேலிடத்திலிருந்து வரும், வந்தது தீர்ந்தால் தீர்ந்ததுதான், நடுவில் வாங்க வழி இல்லை என்றார். வழி ஏற்படுத்துங்கள் என்றாள் பட்டாசு. அதற்கு மேலிடம் சொல்லவேண்டும் என்றார் அவர். மேலிடத்தைக் கேளுங்கள் என்றாள். கேட்டிருக்கிறோம் என்றார். எப்போது கேட்டீர்கள் என்றாள். அதற்குள் தலைவர் தேநீர் இடைவேளை என்று எழுந்துவிட்டார். கிணற்றில் போட்ட கல்லாவது விழுந்த சத்தம் கேட்கும். இங்கே அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த தம்பியின் மேல் மொத்தக் கோபத்தையும் இறக்கினாள். அவன் ரோட்டுத் துறையில் இன்ஜினியர். அந்த ரோட்டை அகலப்படுத்தியதே அவன் ஆபீஸ்தான். முதல் வாய் வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டா, ரோடு போட்டியே, அதுல மனுஷன் நடப்பான்னு யாராவது உனக்குச் சொன்னாங்களா?"

"அக்கா, சாப்பிட விடு. ஜனங்க பாத்துப் போகணும்."

"பாத்துப் போறதுக்கு நீ என்ன வழி வச்சிருக்க? சிக்னல் இருக்கா? கோடு இருக்கா?"

"சிக்னலுக்கு மேல எழுதணும். வருஷம் ஆகும். கோடு போட்டா எவன் நிறுத்துறான்? நீ நிறுத்துவியா, சொல்லு."

அவளும் நிறுத்தமாட்டாள்தான்.

"எதையாவது செய்டா. உன் கையால ஆனதச் செய். ஒரு பொண்ணு இருக்கா. அவ கால் போச்சுன்னா அந்தக் குடும்பமே படுத்துரும். நீ சாப்பிடுற சோறு உனக்கு எப்படிடா உடம்புல ஒட்டும்?"

"அம்மாடி! சோறு போட்டுட்டு சாபமும் போடுற ஒரே ஆள் நீதான்." சிரித்தாலும் அவனுக்கு உறைத்துவிட்டது. அக்கா சொன்னால் தட்டமாட்டான், சின்ன வயதிலிருந்தே அப்படி. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "நடுத்திட்டுல அந்த இடைவெளி இருக்கறதாலதானே தாண்டுறாங்க? வேற வேலையில மிஞ்சின கம்பி வேலி கிடங்குல கிடக்கு. அத வச்சு அடச்சிடறேன். அதுக்கு யாரையும் கேக்க வேண்டாம்."

சொன்ன மாதிரியே செய்தான். அடுத்த வாரம் திரும்பிப் பார்த்தால், வாசலுக்கு எதிரே நெஞ்சுயரத்துக்குக் கம்பி வேலி, பச்சை பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்றது. கடைக்குப் போகவேண்டுமானால் தூரத்து சிக்னல் வரை நடந்து, அந்தப் பக்கம் திரும்பி வரவேண்டும். பெரிய சிஸ்டர் முணுமுணுத்தாள். கடைக்காரர்கள் திட்டினார்கள். ஆனால் இடது கால் நின்றது. ஒரு நாள் வரவில்லை, இரண்டு நாள் வரவில்லை, அந்த வாரம் முழுக்க வரவில்லை. பட்டாசு தம்பிக்குப் போன் போட்டு, "டேய், நீ என் தம்பிடா!" என்றாள். "இப்பதான் தெரிஞ்சுதா?" என்றான் அவன். அன்று வார்டில் யாரையும் அவள் திட்டவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நோயாளிகள் பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு மத்தியானம் குதிகால் வந்தது.

உயரத்திலிருந்து குதித்தவர்களுக்குத்தான் அப்படிக் குதிகால் எலும்பு நொறுங்கும். கட்டடத்திலிருந்து விழுந்தவன், மரத்திலிருந்து விழுந்தவன். பட்டாசு வழக்கம்போல எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "எந்த மாடியிலேருந்து?" என்று கேட்டாள்.

"மாடி இல்ல டாக்டர்," என்றான் அந்த ஆள். "வேலி. ஏறிக் குதிச்சேன். வண்டி வந்துச்சு, சரியா ஊன்ற முடியல." அவன் மடியில் ஒரு மருந்துப் பை இருந்தது.

அவள் அவன் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. எழுந்து வெளியே போய், சுவரைப் பார்த்துக்கொண்டு தம்பிக்குப் போன் செய்தாள். "கம்பியில ஏறிக் குதிக்கிறாங்கடா." "நான் என்னக்கா பண்றது? இன்னும் உசரமா வைக்கட்டுமா?" என்றான் அவன். "வை! உசரமா வை! அப்புறம் முதுகெலும்ப உடச்சுக்கிட்டு வரட்டும், அதுக்கும் நான் ஒருத்தி இருக்கேன்!" என்று கத்திவிட்டு வைத்தாள். அவன் மேல் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். எதையாவது செய் என்று அவனைப் பிடுங்கினது அவள்தானே. அதனால்தான் அத்தனை சத்தம்.

நேராகப் பெண்கள் வார்டுக்குப் போனாள். புயல் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு. நீ அந்த ரோட்டுப் பக்கமே போகக்கூடாது. உங்க அம்மா ஊசி மருந்த நான் காலையில வரும்போது வாங்கிட்டு வந்துடறேன். கடை என் வழியிலதான் இருக்கு."

"ஐயோ டாக்டர், நீங்க போயி..."

"வாயை மூடு. அந்த வேலியில ஏறுனன்னு கேள்விப்பட்டா, நானே உன் கால உடச்சுடுவேன்."

புயல் சிரித்தாள். அவள் அம்மாவும் படுத்தபடியே கும்பிட்டாள். பெரிய சிஸ்டரிடமும் பட்டாசு கறாராகச் சொல்லிவிட்டாள்: "யாரை வேணா அனுப்புங்க, அந்தப் பொண்ண அனுப்பாதீங்க." அதன்பின் தினமும் காலையில் கடைப்பக்கம் காரை ஓரங்கட்டி மருந்தை வாங்கி, சிக்னலில் திரும்பி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களைக் கண்ணாடியை இறக்கித் திட்டினாள். இத்தனை பேரில் ஒருத்தியையாவது காப்பாற்றியாயிற்று என்ற நினைப்பு அவளுக்கு அந்த நாட்களில் சோறு தண்ணி மாதிரி இருந்தது. மற்றவர்களுக்கு என்ன செய்வது என்று நினைத்தால் தூக்கம் போய்விடும், அதனால் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

தையல்காரருக்கு ஆபரேஷன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வீக்கம் வடிந்து தோல் கொப்புளங்கள் ஆறும்வரை வாரக்கணக்கில் காத்திருந்து குறித்த நாள். எலும்பின் உள்ளே கம்பி செருகி, மேலும் கீழும் திருகாணி போடவேண்டும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்திருந்தார்கள். ஆள் விழித்துத்தான் இருந்தார். துணித் திரைக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

"டாக்டர், இந்தக் காலால மிஷின் மிதிக்க முடியுமா?"

"மிதிக்கலாம்."

"எம்பொண்ணு மோட்டார் வச்சுத் தர்றேங்கறா. எனக்கு மிதிச்சாத்தான் தையல் ஓடும்."

"பேசாம படுங்க. நீங்க பேசினா எனக்கும் கை ஓட மாட்டேங்குது."

கம்பி நன்றாக உட்கார்ந்தது. மேல் திருகாணியும் ஏறியது. கீழ்த் திருகாணிக்குத் துளை போடும்போது டக்கென்று ஒரு சத்தம். டிரில் பிட் பாதியில் முறிந்துவிட்டது. முறிந்த துண்டை எடுக்கவே உயிர் போனது. அடுத்ததைக் கேட்டாள். தியேட்டர் நர்ஸ் அலமாரியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"அந்த சைஸ்ல இது ஒண்ணுதான் மேடம் இருந்தது."

கால் திறந்து கிடக்கிறது. ரத்தம் கசிகிறது. முதுகு ஊசியின் மரப்பு காத்திருக்காது. மயக்க மருந்து டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பட்டாசின் கண்ணும் கையும் அந்தத் துளையை விட்டு நகரவில்லை.

"வெளிய யாரு இருக்காங்க, ஓடிப் போய் வாங்கிட்டு வரச் சொல்லுங்க," என்றாள். "சீக்கிரம்! பாக்கெட் பிரிக்காததா இருக்கணும், சைஸ சரியா எழுதிக் குடுங்க. சீக்கிரம்!"

இத்தனை வருடம் இந்த மேசையருகில் நின்று எத்தனை முறை சொன்ன வார்த்தை! மூச்சு விடுவது மாதிரி தானாக வந்தது.

"எம்பொண்ணுதான் டாக்டர் வெளிய இருக்கு," என்றார் திரைக்கு அந்தப் பக்கமிருந்த தையல்காரர். "நொடியில வந்துரும்."

அது பட்டாசின் காதில் நன்றாகவே விழுந்தது. நல்லதாகப் போயிற்று, அவள் வேகமானவள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை.

கசிவை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே பாக்கெட் வந்துவிட்டது. தியேட்டர் நர்ஸ் அதைப் பிரித்துத் தட்டில் போட்டாள். சரியான சைஸ். துளை வெண்ணெயில் போட்டது மாதிரி இறங்கியது, திருகாணி கடைசிச் சுற்றுவரை இறுகியது. கடைசிப் படத்தைத் திரையில் பார்த்து, "அழகு!" என்று அவளே சொல்லிக்கொண்டாள். உடைந்த எலும்பு என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். தையலைப் போட்டு, கையுறையைக் கழற்றி வீசிவிட்டு, மகளிடம் தானே சொல்லவேண்டும் என்று வெளியே வந்தாள்.

பெஞ்சு காலியாக இருந்தது.

"புயல் எங்க?"

வாசலில் நின்ற தியேட்டர் நர்ஸ் கையைப் பிசைந்தாள். "மேடம், சாமானை வாசல் வாட்ச்மேன்தான் கொண்டு வந்து குடுத்தாரு. அந்தப் பொண்ணு குடுக்கச் சொல்லிச்சாம்."

"அவ ஏன் வரல?"

நர்ஸ் கீழே அவசரப் பிரிவுப் பக்கம் கையைக் காட்டினாள். பட்டாசு தியேட்டர் உடையோடு, தொப்பிகூடக் கழற்றாமல், படிகளில் இறங்கினாள். மாடிப்படியில் அவளுக்கு வழிவிட்டவர்களில் ஒருவரையும் அவள் பார்க்கவில்லை. நான்தானே சொன்னேன், நான்தானே சொன்னேன் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அனுப்பாதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய்தான், அனுப்பு என்றும் சொன்னது.

அவசரப் பிரிவில் முதல் ஸ்ட்ரெச்சரிலேயே புயல் கிடந்தாள். கழுத்துக்கு இரண்டு பக்கமும் துணி மூட்டை வைத்து அசையாமல் கட்டியிருந்தார்கள். இரண்டு குதிகாலும் பந்து மாதிரி வீங்கியிருந்தன. பட்டாசு பாதத்தைத் தொட்டாள், விரலை அசைக்கச் சொன்னாள். விரல் அசைந்தது. முதுகில் எங்கே வலி என்று கேட்டாள். இடுப்புக்கு மேலே என்றாள் புயல். குதிகாலோடு முதுகும் போனவர்களைப் பட்டாசு நிறையப் பார்த்திருக்கிறாள்.

"ஏம்மா ஏறின? ஏறக்கூடாதுன்னு சொன்னேன்ல?" திட்டத்தான் வாயைத் திறந்தாள். குரல் உடைந்துபோய் வந்தது.

"போகும்போது சுத்தித்தான் டாக்டர் போனேன்," என்றாள் புயல். "நேரமாயிருச்சு. டாக்டர் சீக்கிரம்னு சொன்னாங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. அதான் வரும்போது..." மூச்சை இழுத்துக்கொண்டாள். "சைஸ் சரியா இருந்துச்சா? கடைக்காரரு ரெண்டு எடுத்துக் காட்டினாரு. நான் சீட்டப் பாத்து வாங்கினேன்."

"சரியா இருந்துச்சும்மா."

"லேட் ஆயிடலயே?"

இல்லை என்று சொல்வதைவிட இப்போது பட்டாசுக்கு வேறு எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம் போலிருந்தது.

"இல்ல. நேரத்துக்கு வந்துச்சு. அப்பா கால் நல்லா ஆயிரும்."

புயலின் முகம் அந்த வலியிலும் மலர்ந்தது. அதைப் பார்க்க முடியாமல் பட்டாசு தலையைத் திருப்பிக்கொண்டாள்.

திரைக்கு அப்பால், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த அவசரப் பிரிவு டாக்டர் மேசையில் குனிந்து வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். எழுதிய சீட்டைக் கிழித்துத் திரைக்கு இந்தப் பக்கம் நீட்டினார்.

"முதுகுக்குப் பட்டை வேணும், ஊசியும் வேணும். ரெண்டும் ஸ்டோர்ல இல்ல, வெளியிலதான் வாங்கணும். இந்தப் பொண்ணு கூட யாரு வந்திருக்கா?"

அம்மா மேலே கட்டிலில் கிடந்தாள். அப்பா மரத்துப்போன காலோடு தியேட்டரில் கிடந்தார். நர்ஸ்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"யாரும்மா கூட வந்தது? சீக்கிரம் சொல்லுங்க."

"நான்தான்," என்றாள் பட்டாசு. "குடுங்க."